‘ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ’: யாரிடம் சொல்ல வேண்டும்?

பள்ளி விளையாட்டு விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் தவறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “தோத்தா என்னடா, ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ.” இதை எப்போதும் தோற்ற பிள்ளையிடம்தான் சொல்கிறோம். ஜெயித்தவனிடமோ, விசில் ஊதியவரிடமோ, கோட்டுக்கு வெளியே நின்று கத்தியவர்களிடமோ சொல்வதில்லை. விளையாட்டுப் பண்பு என்றாலே தோல்வியைப் பொறுத்துக்கொள்வது என்று நினைத்துப் பழகிவிட்டோம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் மைதானத்தில் இறங்கும்போது அந்தப் பொருள் போதவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கற்றல் குறைபாடும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் ஒன்றல்ல. வாசிப்பதில் தடுமாற்றம் டிஸ்லெக்ஸியா. எழுதுவதில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் வந்தால் டிஸ்ப்ராக்ஸியா. இந்தப் பிள்ளைகளின் அறிவுக்குக் குறைவில்லை. சொல்லும் குறியும் மூளைக்குள் போய்ச் சேரும் வழிதான் வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது இவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவும் துறுதுறுப்பும் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனாலும் பல பிள்ளைகளிடம் அதுவும் கற்றல் குறைபாடும் சேர்ந்தே காணப்படும்.

விளையாட்டில் இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். அவர் ஓடிய டி20 பிரிவு அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. டிஸ்லெக்ஸியா மட்டும் உள்ள மாணவருக்கு அங்கே இடம் கிடையாது. அவருக்கென்று தனிப் போட்டி எதுவும் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடும் அதே ஹீட்டில், பக்கத்து லேனில்தான் அவரும் ஓடுகிறார்.

அங்கே என்ன நடக்கிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கோ-கோ ஆட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவன் அந்தப் பக்கம். முதுகில் தட்டு விழுந்து “கோ!” என்றதும் எழ வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு திசை எடுத்துவிட்டால் கம்பம் வரை திரும்பக் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் இத்தனையும் நினைவில் நிற்க வேண்டும். அதே நேரம் நான்கு பக்கமிருந்தும் “லெஃப்ட்டுடா, லெஃப்ட்டு!” என்று கூச்சல். இடமும் வலமும் சட்டென்று பிடிபடாத பிள்ளைக்குக் கால் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறான். விசில், ஃபவுல். எதிரணி சிரிப்பதற்கு முன்னால் சொந்த அணியிலிருந்தே குரல் வருகிறது: “இதுகூடத் தெரியாதா?”

எதிரணி என்ன செய்யலாம்? அவன் தடுமாறும் பக்கமாக ஓடித் தப்பிப்பது ஆட்ட நுணுக்கம். அதில் தப்பில்லை. வெளியே நின்று பொய்யாக “கோ!” என்று கத்தி அவனை எழவைப்பது ஏமாற்று. அவன் ஃபவுல் செய்ததும் கைதட்டிச் சிரிப்பது அதைவிடக் கீழானது. முதலாவது அவனை ஆட்டக்காரனாக மதிக்கிறது. மற்ற இரண்டும் மதிக்கவில்லை.

“எல்லாருக்கும் ஒரே விதிதானே? இவனுக்கு மட்டும் என்ன சலுகை?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் எளிது. விதியை மாற்ற வேண்டாம். அதைச் சொல்லும் விதத்தை மாற்றினால் போதும். தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் தருகிறோம். ஆனால் விடை மாணவருடையதாகத்தான் இருக்க வேண்டும். மைதானத்திலும் அப்படியே. தூரம் குறையாது, கோடு நகராது. பி.டி. ஆசிரியர் பத்து விதிகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பதற்குப் பதிலாக, பிள்ளையைக் கோட்டுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாக நடந்து காட்டலாம். “லெஃப்ட்”, “ரைட்” என்பதற்குப் பதில் “மரத்துப் பக்கம்”, “கேட்டுப் பக்கம்” என்று அணியே பேசிப் பழகலாம். விசிலுக்கு முன்னாலேயே பாய்ந்துவிடும் பிள்ளைக்கு ஃபால்ஸ் ஸ்டார்ட்டை மன்னிக்கத் தேவையில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் முழுதும் அந்த ஒலிக்குக் காத்திருக்கப் பழக்கினால் போதும். இவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பெரிய விளையாட்டு உலகமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் மருத்துவக் கோப்புகளை அடுத்த மாதமே ஹேக்கர்கள் திருடி வெளியிட்டார்கள். தமக்கு ஏடிஹெச்டி இருப்பதையும் சிறு வயதிலிருந்தே மருந்து எடுத்துக்கொள்வதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முறைப்படி அனுமதி பெற்றிருந்தார். ஆனால் மேடையில் அவருக்காக எந்தக் கருவியின் உயரமும் குறைக்கப்படவில்லை. இதை வைத்து, கற்றல் குறைபாடு உள்ள ஒவ்வொரு பிள்ளையும் சாம்பியன் ஆகிவிடும் என்று கனவு காண வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளைப் போல அவர்களும் ஹீட்டிலேயே தோற்பார்கள். தோற்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இரக்கப்பட்டு வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். கேலியைவிட அது அதிகம் வலிக்கும்.

பிறகு ஜெயிப்பவரின் பண்பு என்பது என்ன? 2012 டிசம்பரில் ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், புர்லாடா என்ற ஊரில் ஒரு கிராஸ்கன்ட்ரி ஓட்டம் நடந்தது. முன்னால் ஓடியவர் கென்யாவின் ஏபல் முட்டாய், அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸ் வெண்கலம் வென்றவர். முடிவுக்கோட்டை அடைந்துவிட்டதாகத் தவறாக நினைத்து, சில மீட்டர் முன்பாகவே அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா எளிதாகத் தாண்டிப் போயிருக்கலாம். அவர் தாண்டவில்லை. சைகை காட்டி, முட்டாயை முன்னே விட்டு, தாம் இரண்டாவதாக வந்தார். முட்டாய் வேகத்தில் தோற்கவில்லை. கோடு எங்கே என்பதில்தான் குழம்பினார். அந்தக் குழப்பத்தால் கிடைக்கும் வெற்றி தமக்கு உரியதல்ல என்று அனாயா கருதினார். நம் பள்ளி மைதானங்களில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் தோற்பதும் பல நேரம் இப்படித்தான்.

பள்ளிகளுக்கு இன்னொரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்தது என்பதற்காக இந்தப் பிள்ளைகளின் பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் பாடம் நடத்தாதீர்கள். வகுப்பறையில் நாளெல்லாம் திட்டு வாங்கும் பிள்ளைக்கு, தான் எதிலோ கெட்டிக்காரன் என்று தெரிய வரும் இடம் அந்த நாற்பது நிமிடமாக இருக்கலாம்.

பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை கோப்பையோடு வீட்டுக்கு வரும்போது பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, ஒரு கேள்வியும் கேளுங்கள்: “எதிரே ஆடினவனுக்கு விதி புரிஞ்சிருந்துச்சா?”