கூட்டருகே காமிரா வேண்டாம்

பனி விலகிப் பூ மலர்வதே வசந்தம் என்று மேனாட்டுப் புத்தகங்கள் கூறும். நம் தூத்துக்குடிக் கரையிலோ வசந்தம் பங்குனி வெயிலோடு வருகிறது. மாப்பிள்ளையூரணியை அடுத்த உப்பளங்களில் உப்பு விளையும் அந்நாட்களில் பறவைகளின் வாழ்விலும் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. குளிர்காலத்தை இங்கே கழித்த கொசு உள்ளான் போன்ற விருந்தாளிகள் வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளை நோக்கிப் புறப்படுகின்றன. இங்கேயே வாழும் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வரப்பிலும் வெறுந்தரையிலும் முட்டையிடத் தொடங்குகின்றன.

இக்காலத்தில் இயற்கை உலா செல்லும் மாணவர் பலரிடம் காமிராவோ கைபேசியோ இருக்கிறது. பறவையைச் சுட்டு வீழ்த்தி இனங்கண்ட காலம் போய், படமெடுத்து இனங்காணும் காலம் வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கூட்டையும் முட்டையையும் நெருங்கிச் சென்று படமெடுப்பது கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைப் பௌதிகமே எடுத்துச் சொல்லும்.

முதலில் லென்சைப் பார்ப்போம். தொலைவிலுள்ள பொருளின் பிம்ப அளவு, குவிய தூரத்தைப் பொருளின் அளவால் பெருக்கி, தொலைவால் வகுத்தால் கிடைக்கும். 30 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆள்காட்டி 20 மீட்டர் தொலைவில் நிற்கிறது. குவிய தூரம் 400 மி.மீ. ஆனால் பிம்பம் 6 மி.மீ. இருக்கும், 50 மி.மீ. ஆனால் முக்கால் மில்லிமீட்டர்தான். இச்சிறு லென்சால் அதே 6 மி.மீ. பிம்பம் பெற வேண்டுமானால் இரண்டரை மீட்டருக்குள் போக வேண்டும்! லென்சு செய்யவேண்டிய வேலையைக் கால்கள் செய்யத் துணிகின்றன. பறவை எழுந்து பறந்துவிடுகிறது.

பறந்தபின் முட்டை என்னவாகும்? நண்பகலில் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. முட்டையின் குறுக்குப் பரப்பு சுமார் 10 சதுர செ.மீ. என்றால், அதன் பங்கு 1 வாட். அதில் பாதியை உட்கவர்ந்தாலே, 20 கிராம் எடையுள்ள முட்டையின் வெப்பநிலை பத்து நிமிடத்தில் 4 பாகை செல்சியஸ் வரை ஏறும். இது தோராயக் கணக்கே. காற்றுக்குப் போகும் வெப்பத்தை இதில் கழிக்கவில்லை. சுடுமண் தரும் வெப்பத்தைக் கூட்டவும் இல்லை. கருவுக்கு ஏற்ற வெப்பநிலை 38 பாகை அளவில் இருக்கும். சில பாகை மிகுந்தாலே அது மடியக்கூடும். அதனால்தான் தாய்ப்பறவை வெயிலில் நின்று முட்டைக்கு நிழல் தருகிறது. வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமர்கிறது.

"இரண்டு நிமிடம்தானே சார்!" என்று சிலர் கேட்கலாம். ஒருவருக்கு இரண்டு நிமிடம். பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தால் இருபது நிமிடம். மேலும், காவலற்ற கூட்டைக் காகமும் நாயும் கண்டுகொள்ளும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் சிறு காமிரா பயனற்றதா? இல்லை. சாலையில் நின்றபடியே உப்பளத்தையும் பறவைக் கூட்டத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். பிறகு படத்தில் தலைகளை எண்ணுங்கள். நாள், நேரம், இடம், நீர் இருந்த அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படிச் செய்தால், விருந்தாளிகள் எந்த வாரம் விடைபெற்றனர் என்பதை நீங்களே கண்டறியலாம். பறவையின் கண்ணிமை தெரியும் படத்தைவிட இது அறிவியலுக்கு அதிகம் உதவும்.

திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தவர். கூடவே 1950 முதல் 1996இல் மறையும்வரை பத்திரிகையில் இயற்கைக் குறிப்புகளும் எழுதிவந்தார். விலையுயர்ந்த கருவியைவிடப் பொறுமையான கவனிப்பே பெரிது என்பதற்கு அவர் நல்ல சான்று.

மாணவ நண்பர்களே, உப்பளத்து வரப்பில் ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கினால் அங்கே நிற்காதீர்கள். கூடு அருகில் இருக்கிறது என்று பொருள். தரையைப் பார்த்துக் கால் வைத்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.