கணினித் திரையில் ஒரு கெண்டி



தென்காசியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட மடல் எழுதியுள்ளார். அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் முடித்தவர். கணினியில் வரையத் தெரியும் என்ற துணிவில் ஒரு நிறுவனத்தின் தேர்வுக்குச் சென்றிருக்கிறார். பெட்டி போன்ற உருவங்களை விரைந்து முடித்தவர், வயிறு பருத்துக் கழுத்துக் குறுகிய ஒரு பாத்திரத்தைச் செய்யச் சொன்னதும் செய்வதறியாது எழுந்து வந்துவிட்டாராம். "படித்தது போதும், வரன் பார்க்கலாம்" என்கிறார் தந்தை. "ஆறு மாதம் தாருங்கள்" என்கிறார் மகள். இருவருக்கும் நடுவே நின்று தாய் கேட்கிறார்: வளைந்த வடிவங்களை வீட்டிலிருந்தே கற்க இயலுமா?

இயலும் சகோதரி. மாமியார் காலத்துப் பித்தளைக் கெண்டி ஒன்று இன்றும் உளூச் செய்யப் புழங்குவதாக அதே மடலில் எழுதியுள்ளீர்கள் அல்லவா? அதைத் துடைத்து மகளின் மேசை மீது வையுங்கள். ஆசிரியர் வந்துவிட்டார்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மார்ட்டின் நியூவெல் என்பவர், கணினியில் வளைவுகளைக் காட்டிப் பார்க்கத் தகுந்த பொருளைத் தேடினார். தேநீர் அருந்துகையில் அவருடைய மனைவி, இந்தத் தேநீர்ப் பாத்திரங்களையே செய்தால் என்ன என்றார். அப்படிப் பிறந்ததுதான் உலகப் புகழ்பெற்ற 'யூட்டா தேநீர்க் கெண்டி'. உருண்ட வயிறு, வளைந்த மூக்கு, துளையுள்ள கைப்பிடி என எல்லா வகை வளைவும் ஒரே பொருளில் அமைந்திருந்ததால், பிற்காலத்தில் எத்தனையோ மென்பொருள்கள் அதை வைத்தே சோதிக்கப்பட்டன. அசல் பாத்திரம் இன்று கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி நம் கெண்டிக்கு வருவோம். புதிதாகக் கற்பவர் செய்யும் பிழை, கண்ணுக்குத் தெரியும் உருண்டையையே வரைய முயல்வது. உருண்டையை யாரும் வரைவதில்லை. கெண்டியை உச்சியிலிருந்து அடிவரை நேர்பாதியாக அறுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அறுத்த முகத்தில் பாதியை மட்டும், அதாவது நடு அச்சிலிருந்து வலப்புற விளிம்பு வரை, வரைந்தால் போதும். அந்தப் பாதியை அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றும் வேலையைக் கணினி செய்துவிடும். இதற்கு 'ரிவால்வ்' என்று பெயர். குயவர் சக்கரத்தில் நடப்பதும் இதுவே. அங்கே மண் சுழல்கிறது, விரல் நிற்கிறது. இங்கே கோடு சுழல்கிறது.

பாதியை வரைய அளவு வேண்டும். ஒரு நூல் போதும். வயிற்றின் மிகப் பருத்த இடத்தில் நூலைச் சுற்றுங்கள். 44 சென்டிமீட்டர் வந்தால், 22/7 ஆல் வகுக்க விட்டம் 14, அச்சிலிருந்து தூரம் 7. கழுத்தில் 22 வந்தால் தூரம் மூன்றரை. இவ்வாறு அடியிலிருந்து ஆறேழு உயரங்களில் அளந்து குறித்துக்கொண்டு, புள்ளிகளை ஒரு வளைகோட்டால் இணைக்க வேண்டும். இருபது முப்பது புள்ளிகள் வைத்தால் நயம் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். கோடு அலைபாய்ந்து பாத்திரம் நசுங்கியதுபோல் தோன்றும். அளந்ததில் இருக்கும் சிறு பிழைகளையெல்லாம் கோடு விடாமல் பின்தொடர்வதே காரணம்.

பாதிப் படம் நாற்புறமும் மூடியிருக்க வேண்டும். அச்சைத் தாண்டக் கூடாது. சுழற்ற மறுத்து மென்பொருள் பிழைச் செய்தி காட்டினால், பத்தில் ஒன்பது முறை ஏதோ ஒரு முனையில் மயிரிழை இடைவெளி இருக்கும். தொடுவதுபோல் தெரிவது வேறு, தொடுவது வேறு. அவ்விரு முனைகளையும் ஒரே புள்ளியாகப் பிணைக்கும் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள்.

மூக்குக்குச் சுழற்சி உதவாது. அது செல்லும் வழியை ஒரு வளைகோடாக வரைந்து, அதன் அடியில் பெரிய வட்டமும் நுனியில் சிறிய வட்டமும் வைத்து, அந்த வழியே இழுக்க வேண்டும். இதனை 'ஸ்வீப்' என்பர். வழியின் வளைவு வட்டத்தின் ஆரத்தைவிட நெருக்கமாக இருந்தால் குழாய் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். பிறகு வயிற்றின் உட்புறத்துக்கு, தகட்டின் கனத்தைக் கழித்து இன்னொரு பாதிப் படம் வரைந்து, சுழற்றிக் குடைந்தெடுக்க வேண்டும். மூக்கின் துளையையும் அதே வழியில் குடைந்துவிட்டால் கெண்டி ஆயிற்று.

ஒரு சிறு இடைச்சொருகல். சுழற்றிப் பிறக்கும் திண்மங்களை இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டிருக்கிறார். பரவளையத்தை அதன் அச்சின் மீதன்றி அடிக்கோட்டின் மீது சுழற்றினால் கிடைக்கும் உருவம், அதைச் சூழும் உருளையில் 15இல் 8 பங்கு என்று கண்டவர் அவர். அவருக்குத் திரையும் இல்லை, சுட்டெலியும் இல்லை.

மென்பொருளுக்குப் பணம் வேண்டுமே என்ற கவலை வேண்டாம். 'ஃப்ரீகேட்' முற்றிலும் இலவசம், சட்டப்படியே இலவசம். திருட்டுப் பிரதி வாங்கித் தர எவரேனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. மேற்சொன்ன அனைத்தையும் அதில் செய்யலாம்.

எல்லா வளைவும் இப்படி வசப்படுமா? வசப்படாது. சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும்போது பேரருவியின் பாறையை மகளுக்குக் காட்டுங்கள். மேலிருந்து விழும் நீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் குழியில் விழுந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. காலங்காலமாக நீர் வழவழப்பாக்கிய அந்தப் பாறைக்கு அச்சு ஏது? சுழற்றவும் இயலாது, இழுக்கவும் இயலாது. அவ்வகை உருவங்களைக் களிமண்போல் பிசைந்து செய்ய 'பிளெண்டர்' போன்ற வேறு மென்பொருள்கள் உள்ளன; அவையும் இலவசமே. ஆனால் அது இரண்டாம் பாடம். அச்சு எங்கே என்று கேட்கக் கண் பழகிய பின்னரே அங்கு செல்ல வேண்டும்.

அந்தத் தந்தைக்கும் ஒரு சொல். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்க்காரர் தாங்கள். 2014ஆம் ஆண்டிலேயே துபாய் மாநகராட்சி, 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கும் முப்பரிமாண மாதிரி முறையைக் கட்டாயமாக்கிவிட்டது. தட்டைப் படம் மட்டும் தெரிந்தவருக்கு இனி வாய்ப்புச் சுருங்கும். வேலை உறுதி என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆறு மாதம் கேட்பது மிகையல்ல என்று மட்டும் சொல்வேன். அதற்குள் நல்ல வரன் வந்தாலும் கணினியை யாரும் பறிக்கப் போவதில்லையே!

மகளுக்கு ஒரு பயிற்சி. கெண்டியின் உள்வெளியைத் தனித் திண்மமாகச் செய்தால் அதன் கன அளவை மென்பொருளே காட்டும். பத்து இலட்சம் கன மில்லிமீட்டர் ஒரு லிட்டர். பிறகு அசல் கெண்டியில் விளிம்பு வரை நீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவில், உளூச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. அந்தக் கெண்டியில் எத்தனை முத்து அடங்குகிறது என்பதையும் கணக்கிடட்டும். குவளை காட்டியதும் கணினி சொன்னதும் எவ்வளவு வேறுபட்டன என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், பிழை எங்கே புகுந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.