உள்குத்தகைப் போர்

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இழவு வீடுகளில் அழுகை ஓயுமுன்னே எழுந்த கேள்வி, பொறுப்பு யாருடையது என்பதே. இத்தொழிலில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளோ குத்தகைக்கும் உள்குத்தகைக்குமாகக் கைமாறியிருக்கும். வெடித்தபின் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுவர். கந்தக பூமியில் வாழும் நமக்கு இது புதிதன்று.

இன்று நாடுகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளன என்பதே நம் குற்றச்சாட்டு. பகை நாட்டின்மேல் படையனுப்பும் துணிவில்லாத அரசு, கணினிக் கொள்ளையருக்குக் கூலியும் நிழலும் தந்து ஏவிவிடுகிறது. அகப்பட்டால், "அவர்கள் எம் ஆட்கள் அல்லர்" என்று பிலாத்தைப்போலக் கைகழுவுகிறது. போரையே உள்குத்தகைக்கு விடுகிறார்கள்!

இது எங்கோ நடக்கும் செய்தி என எண்ண வேண்டா. நமக்குத் தெற்கேயுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினிப் பிணையத்தில் 2019-இல் நச்சு மென்பொருள் புகுந்தது. அதனை ஆராய்ந்த கணினி வல்லுநர்கள், வடகொரியாவோடு தொடர்புடைய 'லாசரஸ்' குழுவின் கைவரிசை என்றனர். அக்டோபர் 29 அன்று நிலையம் செய்தியை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மையென ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே தகவல் கிடைத்ததென்றும், உலையை இயக்கும் அமைப்பு தனித்திருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. அவ்வாறே இருக்கட்டும். ஆனால் எட்டு வாரம் மக்களிடம் மறைத்ததும், பின்னர் மறுத்ததும் எந்த வகைப் பாதுகாப்பு? 2011-இல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் கூடிய மக்களின் கோரிக்கையை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு. எனினும் உலையின் அருகில் வாழ்வோருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்பதை எவர் மறுப்பார்? தாக்கப்பட்ட நாடு செய்யவேண்டிய முதற்கடமை, தன் மக்களிடம் உண்மை பேசுவதே. தன் மக்களிடம் மறைக்கும் அரசு பகைவனைப் பார்த்து விரல் நீட்ட இயலாது.

இரண்டாவது, ஏவப்பட்டவனோடு நின்றுவிடாது, ஏவியவனைச் சான்றோடு ஊரறியச் சுட்டுவது. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் நச்சு மென்பொருள் பிரித்தானிய மருத்துவமனைகளை முடக்கியது, நோயாளிகள் திருப்பியனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் வடகொரியாவை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டின. 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய தாக்குதல்களோடு தொடர்புடைய ஆறு தனிமனிதர்கள், மூன்று அமைப்புகளின் சொத்துகளை முடக்கிற்று. அத்தனிமனிதர்கள் தன் நாடுகளுக்குள் நுழையவும் தடைவிதித்தது. காலம் கடந்த நடவடிக்கைதான். ஆயினும் அது சட்டத்தின் வழி.

"அடிக்கு அடி கொடுப்பதே ஆண்மை, அவர்கள் மின்சாரத்தை நாமும் நிறுத்துவோம்" என்பர் சிலர். அவர்களுக்கு நம் பட்டாசு ஆலைகளே விடை சொல்லும். ஓர் அறையின் தீ மறு அறையைப் பற்றும் என்பதால்தான் இடையே இவ்வளவு தூரம் விடவேண்டும் என விதி வைத்தார்கள். கணினி உலகில் அந்த இடைவெளி இல்லை. வான்னாக்ரை பரவப் பயன்பட்ட கருவி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் தேவைக்காக உருவாக்கி, பின்னர் களவுபோனது! ஒருவர் இருட்டில் செய்த ஆயுதம் மற்றவர் கையில் சேர்ந்து நோயாளியின் படுக்கையில் வெடித்தது. 2015 டிசம்பரில் உக்ரைனில் மின்சாரம் அறுக்கப்பட்டபோது, கடுங்குளிரில் இருண்டவை ஏறத்தாழ 2,25,000 பயனாளரின் இணைப்புகள். பதிலடியாக நாமும் அதையே செய்தால், இருளில் கிடக்கப்போவது தாக்க ஆணையிட்ட தளபதியா, தொட்டிலில் கிடக்கும் குழந்தையா? தற்காப்பு உரிமையை ஏற்கும் திருஅவை, அகற்றக் கருதும் தீமையினும் பெரிய தீமையை விளைவிக்கும் தற்காப்பை ஏற்பதில்லை.

மூன்றாவது, உடன்படிக்கை. 'பகைவரோடு ஒப்பந்தமா?' என நகைப்போர் ஒன்றை நினைவுகூரட்டும். ஒருவர் அணுநிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்டன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டன. 1999-இன் கார்கில் போரும் அவ்வழக்கத்தைக் குலைக்கவில்லை. அணுநிலையத்தைக் காக்கும் அந்தச் சொல்லில் அதன் கணினியையும் ஐயத்துக்கு இடமின்றிச் சேர்த்து, மருத்துவமனைக்கும் மின்கட்டமைப்புக்கும் விரிவாக்கினால் என்ன? தன் மண்ணைப் பிறர்மீது கணினித் தாக்குதல் நடத்த அறிந்தே விடலாகாது என ஐ.நா. வல்லுநர் குழு 2015-இலேயே வகுத்தது. ஆனால் அது கட்டாயமற்ற நெறியாகவே நிற்கிறது. அதைக் கட்டாயமாக்க நம் நாடு முன்னின்று வாதாட வேண்டும். வாதாடும் நாடு, தானும் அவ்வாறு எவரையும் ஏவாதிருக்க வேண்டும்.

உரிமம் யார் பெயரிலோ, பதில் சொல்லவேண்டியவர் அவரே. அச்சங்குளத்திற்கு நாம் கேட்கும் இந்த நீதியைத்தான் அரசுகளிடமும் கேட்கிறோம்.