இரண்டு வருடத்தில் கெட்டுப்போகும் இங்கிலீஷ்

"சீனாக்காரனுக்கு இங்கிலீஷ் வராது. குருட்டு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிட்டு, அங்கே போய் வாய் திறக்கத் தெரியாமல் நிற்பான்." கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து உட்காரும் நம் வயதுக்காரர்களிடையே இந்தத் தீர்ப்பு அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவரின் பேரன் லண்டனிலோ மெல்பர்னிலோ படிப்பான். வகுப்பில் சீனப் பிள்ளைகள் நிறையப் பேர், பேசவே மாட்டார்கள் என்று போனில் சொல்லியிருப்பான். அதை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் சேர்த்துத் தாத்தா தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூண்டில் ஏற்ற வேண்டியது அந்தப் பிள்ளைகளை அல்ல. அவர்களுக்கு வைக்கிற தேர்வையும் அதைச் சுற்றி நடக்கிற வியாபாரத்தையும்தான்.

இதில் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1973-இல் குமாஸ்தாவாக வேலையில் சேர்ந்தபோது பழைய பதிவேடுகள் பிரெஞ்சில் இருந்தன, புதிய கோப்புகள் எல்லாம் இங்கிலீஷில். இலாகா தேர்வில் பிரேசி எழுதச் சொன்னார்கள். பெயர் பிரெஞ்சு, எழுதுவது இங்கிலீஷ்! இருபது வயதுக்கு மேல், பிழைப்புக்காக, ஒரு மொழியைத் தேர்வுக்கென்று உட்கார்ந்து படிப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சீனர்களின் பாடு எனக்குத் தெரியவந்தது பாரிசில். மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது மாடியில் செங்டு நகரத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். பிரான்சில் பட்டம் வாங்கிவிட்டு, இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்காக ஐயெல்ட்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, நடுவில் பிரெஞ்சு. என்னை "முசியே" என்று கூப்பிட்டு, கடைசிவரை நீங்கள் வாங்கள் என்றே மரியாதையாகப் பேசினாள். இங்கிலீஷ் பரீட்சையைப் பற்றி ஒரு சீனப் பெண்ணும் ஒரு புதுச்சேரிக் கிழவனும் பிரெஞ்சில் மணிக்கணக்காகப் பேசுவதைப் பார்த்து என் மகளுக்கு ஒரே சிரிப்பு.

முதலில், அவர்களுக்கு இங்கிலீஷ் ஏன் கடினம் என்று பாருங்கள். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. நேற்று நான் சந்தைக்குப் போ, நாளை நான் சந்தைக்குப் போ, அவ்வளவுதான். காரியம் முடிந்துவிட்டது என்று காட்ட 'ல' என்று ஓர் ஒட்டுச் சொல் உண்டு, அது வேறு விஷயம். ஒருமை பன்மைக்குப் பெயர்ச்சொல் மாறாது. அவன், அவள், அது மூன்றுக்கும் காதில் விழுவது ஒரே 'தா'தான். எழுத்தில் வேறுபடுத்தத் தொடங்கியதே போன நூற்றாண்டில். அதனால்தான் நன்றாகப் படித்த பெண்ணும் தன் அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் பேசும்போது நடுவில் 'ஹீ' என்று சொல்லிவிடுகிறாள். விதி அவளுக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது.

ஒலியும் அப்படித்தான். பெய்ஜிங் சீனத்தில் ஒரு சொல் உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் மூக்கொலியில் முடியும். 'ஆஸ்க்ட்', 'ஹெல்ப்ட்' என்று மெய்யெழுத்துகளை அடுக்கி முடிக்கிற பழக்கம் அந்த வாய்க்குக் கிடையாது. சிரிக்காதீர்கள். பஸ்ஸு, ஆபீசு, பேங்க்கு என்று நாமும் உகரம் போட்டுத்தானே இறக்கி வைக்கிறோம்? செங்டு பக்கத்தில் 'ந'வும் 'ல'வும் வேறு கலந்துவிடும். நைட்டுக்கும் லைட்டுக்கும் நடுவில் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்தேன். எழுதிக் காட்டினால் தடுமாற்றமே இல்லை, காதால் கேட்டால்தான் குழப்பம்.

எண்கள் இன்னொரு கண்ணி. அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள், அதற்கு 'வான்' என்று பெயர். ஒரு லட்சத்து இருபதாயிரம் அவர்களுக்குப் பன்னிரண்டு வான். ஐயெல்ட்ஸில் காது கொடுத்துக் கேட்கும் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். 'ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி தௌசண்ட்' என்று காதில் விழுந்ததை வானாக்கி, மறுபடி எண்ணாக்கி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி ஓடிவிடும். பள்ளியில் தொண்ணூற்றேழை 'நாலு இருபது பதினேழு' என்று சொல்லி வளர்ந்த எனக்கு இந்த வேதனை நன்றாகப் புரிந்தது. விடையில் பன்மைக்குரிய 'ஸ்' விட்டுப்போனாலும் மதிப்பெண் போச்சு. வார்த்தையின் கடைசியில் வரும் ஒலியே காதில் பிடிபடாத பிள்ளைக்கு அந்த 'ஸ்' எங்கிருந்து வரும்?

இத்தனையும் தாண்டி அவர்கள் படிக்கிறார்கள். அவர்களுடைய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் 750-க்கு 150 மதிப்பெண் இங்கிலீஷுக்கு என்பதுதான் நெடுநாள் கணக்கு. கல்லூரிக்குப் போனால் அங்கேயும் 1987-இலிருந்து நாடு முழுவதற்குமான இங்கிலீஷ் தேர்வு இருக்கிறது. படிக்க வரும், பேச வராது என்கிற நிலையைக் கேலி செய்ய நாம் தேவையில்லை. அவர்களே 'ஊமை இங்கிலீஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வெட்கத்தைப் போக்குகிறேன் என்று லி யாங் என்பவர் தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கானவர்களை மைதானத்தில் நிறுத்தி, இங்கிலீஷ் வாக்கியங்களை உரக்கக் கத்தச் சொல்லிப் பெயரும் பணமும் சம்பாதித்தார்.

இப்போது மனப்பாடத்துக்கு வருகிறேன். ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். நீ போய்வந்த ஓர் ஆற்றைப் பற்றிச் சொல், உனக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல் என்று ஏதாவது இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். முன்பின் தெரியாதவர் முன்னால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தாய்மொழியிலேயே இதைச் செய்துபாருங்கள். எழுத்துத் தேர்வில் நாற்பது நிமிடத்தில் 250 வார்த்தை. நீ ஒப்புக்கொள்கிறாயா மறுக்கிறாயா என்று சொல்லியாக வேண்டும். இப்படிக் கேட்டால் எந்த ஊர்ப் பிள்ளையும் என்ன செய்யும்? முன்கூட்டியே ஓர் அச்சு தயாரித்து வைத்துக்கொள்ளும். தேர்வு எழுதி வந்தவர்கள் ஞாபகத்திலிருந்து கேள்விகளைத் திரட்டி அடுத்தவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் சீனாவில் உண்டு. அந்தத் திரட்டுக்கு 'ஜீ ஜிங்' என்று பெயர். ஜிங் என்றால் வேத நூல் என்றும் பொருளாம். அமெரிக்கர்கள் நடத்தும் ஜி.ஆர்.இ. தேர்வில் இந்தத் திரட்டு பெருகிப்போய், 2002-இல் சீனா, தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் கணினித் தேர்வையே நிறுத்திப் பழையபடி தாளும் பென்சிலுமாக வைத்தார்கள்.

"பார்த்தீரா, அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது" என்பார் நம் கடற்கரை நண்பர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1905 வரை அரசு உத்தியோகத்துக்குத் தேர்வு நடத்திய நாடு, 'எட்டுக் கால் கட்டுரை' என்று எட்டுப் பகுதியாக அளந்து எழுதச் சொன்ன நாடு என்று சரித்திரமும் சொல்வார். சரித்திரம் சரிதான். ஆனால் அந்தத் தேர்வைத்தான் 1905-இல் சீனர்களே ஒழித்துவிட்டார்களே. முன்னுரை ஒரு பத்தி, காரணம் இரண்டு பத்தி, முடிவுரை ஒரு பத்தி என்று இன்றைக்கு நாலு கால் கட்டுரை கேட்பது யார்? வேறொரு நாட்டுத் தேர்வு. எட்டுக் காலை ஒடித்துப் போட்டவனிடம் நாலு காலைக் கொடுத்து நடக்கச் சொல்லிவிட்டு, ஏன் இயந்திரம் மாதிரி நடக்கிறாய் என்று கேட்பது என்ன நியாயம்? மனப்பாடம் என்று தெரிந்தால் மார்க்கைக் குறைப்பார்களாம். அச்சில் வார்த்தால்தான் ஏற்பார்கள், அச்சின் தழும்பு மட்டும் தெரியக் கூடாது.

இந்த அச்சை விற்றே பெரிய ஆட்கள் ஆனவர்கள் உண்டு. யூ மின்ஹொங் 1993-இல் பெய்ஜிங்கில் தொடங்கிய நியூ ஓரியண்டல் பயிற்சிப் பள்ளி 2006-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கே போனது. 2021-இல் சீன அரசு பள்ளிப் பாட டியூஷன் வியாபாரத்துக்குத் தடை போட்டபோது அடி வாங்கி, அடுத்த வருடமே அதன் வாத்தியார்கள் இணையத்தில் அரிசியும் இறைச்சியும் விற்றுக்கொண்டே நடுநடுவே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். அதையும் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பசி அப்படி.

நான் மனப்பாடத்துக்கு எதிரி இல்லை, தெரியுமா? எனக்குப் பிரெஞ்சு வந்ததே டிக்தேயாலும் ரெசித்தாசியோனாலும்தான். வாத்தியார் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதுவோம், முழுப் பாட்டை நெட்டுருப் போட்டு எழுந்து நின்று ஒப்பிப்போம். அப்படி உள்ளே போன வாக்கியம் உயிரோடு இருக்கும். ஐம்பது வருடம் கழித்தும் தானாக வாயில் வரும். கோடிட்ட இடத்தை நிரப்புகிற அச்சு வேறு. 'நவீன உலகில் ............ ஒரு முக்கியமான பிரச்சினையாக விளங்குகிறது' என்று ஓர் ஓட்டை வாக்கியத்தை வைத்துக்கொண்டு, இன்றைக்குப் புகையிலையும் நாளைக்குப் போக்குவரத்தும் போட்டு நிரப்புவது. இது எந்த மொழியிலும் யாரையும் பேச வைக்காது. அந்தப் பெண் நாற்பது ஓட்டை வாக்கியம் வைத்திருந்தாள். பணம் கட்டி வாங்கியவை.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது இனிமேல் சொல்லப்போவது. ஐயெல்ட்ஸ் மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருடம். டோஃபெலுக்கும் அவ்வளவுதான். மொழி துருப்பிடித்துவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். சரி என்றே வைத்துக்கொள்வோம். ஐயெல்ட்ஸை நடத்தும் கூட்டில் கேம்பிரிட்ஜும் உண்டு. அதே கேம்பிரிட்ஜ் 1913-இலிருந்து வேறோர் இங்கிலீஷ் தேர்வு நடத்துகிறது. முதல் வருடம் எழுதியவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் தோல்வி. பிரெஞ்சிலிருந்தோ ஜெர்மனிலிருந்தோ இங்கிலீஷில் மொழிபெயர்க்கக்கூட அப்போது தாள் இருந்தது. எனக்கு ஆசையாக இருக்கிறது! அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. பிரெஞ்சு அரசு கொடுக்கிற டெல்ஃப், டால்ஃப் பட்டயங்களும் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரே நிறுவனம் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தில் இங்கிலீஷ் சாகும்வரை இருக்குமாம், இன்னொரு காகிதத்தில் இருபத்து நாலு மாதத்தில் ஆவியாகிவிடுமாம். 1974-இல் நான் தேறிய இலாகா தேர்வை வைத்து 2011-இல் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். நடுவில் யாரும் வந்து, உன் இங்கிலீஷ் இன்னும் இருக்கிறதா, இன்னொரு தடவை பணம் கட்டு என்று கேட்கவில்லை.

சீனாவில் ஒரு தடவை எழுத இரண்டாயிரம் யுவானுக்கு மேல். ஒரே தடவையில் முடிப்பவர் பாக்கியசாலி. அரை மதிப்பெண் குறைந்தால் மறுபடி கட்டணம், மறுபடி பயிற்சி, மறுபடி அச்சு. மாணவன் பேசக் கற்றுக்கொண்டானா என்கிற கேள்வி இந்தச் சுற்றில் யாருக்கும் வரும்படி கொடுக்காது.

அந்தப் பெண்ணிடம் ஓட்டை வாக்கியங்களை மூட்டை கட்டி வைக்கச் சொன்னேன். தினம் ஒரு நல்ல பத்தியை எடுத்து, ஒருவர் வாசிக்க, கேட்டு எழுதச் சொன்னேன். என் உச்சரிப்பு புதுச்சேரி உச்சரிப்பு. ஆகவே வாசிக்கிற வேலை பேத்திக்கு. பிறகு அதையே பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். எண்களை மட்டும் நான் வாசித்தேன்: டெலிபோன் நம்பர், விலை, தேதி, லட்சக்கணக்கில் ஜனத்தொகை. மூன்று வாரத்தில் வான் கணக்கு போடாமலே எழுதத் தொடங்கினாள். நான் ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் எண் வாசிக்கிறேன்.

அவள் மனுப் போட்ட பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதியிலும் 6.5 கேட்கிறது. போன தடவை எழுத்தில் அவளுக்கு 6. வாசிப்பில் 8.5 வாங்கியிருக்கிறாள், வருகிற ஜூனில் அதுவும் காலாவதி.