யந்திரம் நம்முடையது, சாவி யாருடையது?

2024 ஆகஸ்டு 13. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் விண்டோஸுக்கு அந்த மாதத் திருத்தத்தை அனுப்பிய நாள். அதை ஏற்றுக்கொண்ட பல மடிக்கணினிகளில், அடுத்த முறை லினக்ஸைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அத்தோடு யந்திரம் தானே அணைந்தது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் வைத்திருந்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸுமா? நம் வீடுகளுக்கு இது புதிதல்ல, தோழர்களே! 2011இல் தமிழ்நாட்டு சர்க்கார் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை நம் பிள்ளைகள் சொல்வார்கள். விண்டோஸ் விலைச் சரக்கு. லினக்ஸோ யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கூடிய பொதுச் சொத்து. பொத்தானை அழுத்தியதும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு எழுப்பிவிடும் சின்ன நிரல்தான் பூட்லோடர். லினக்ஸில் அதற்கு கிரப் என்று பெயர்.

மில் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸில் கையெழுத்து இல்லாவிட்டால் வாட்ச்மேன் உள்ளே விடுவானா? மடிக்கணினிக்குள்ளும் அப்படி ஒரு வாட்ச்மேன் உண்டு; பெயர் செக்யூர் பூட். அவன் ஏற்கும் கையெழுத்து யாருடையது? கடையில் விற்கும் மடிக்கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மைக்ரோசாப்டினுடையது! லினக்ஸ்காரர்களும் 'ஷிம்' என்ற நிரலை அந்தக் கம்பெனியிடமே நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. செல்லாத பாஸ்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, எஸ்பாட் என்று. அந்த ஆகஸ்டில் வந்தது அதன் புதுப் பிரதி.

'பாதுகாப்புக்காகத்தானே செய்தார்கள்' என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். கிரப்பில் ஓட்டை இருந்தது உண்மை. 2022இலேயே தெரிந்த ஓட்டை. பழைய கிரப்பையே வைத்துக்கொண்டிருந்த லினக்ஸ் வெளியீட்டாளர்கள் மீதும் குற்றம் உண்டு; அதை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் இரண்டும் உள்ள யந்திரங்களை இந்தத் திருத்தம் தொடாது என்று வாக்குக் கொடுத்தது யார்? அதே கம்பெனி! தொட்ட பிறகு, சில வகை இரட்டை அமைப்புகளைக் கண்டுகொள்ள முடியவில்லை என்றது. தீர்ந்துவிட்டதாக அது சொன்னது 2025 மே மாதத் திருத்தத்தில். ஒன்பது மாதம்!

இன்னொன்றையும் கேளுங்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, சாதாரணக் கணினிகளில் இந்தப் பூட்டை உடையவரே நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்ததும் அது யந்திரம் செய்கிற கம்பெனியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. காசு கொடுத்தவனின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

இப்படி மாட்டிக்கொண்ட யந்திரத்தைக் கடைக்குக் கொண்டுபோனால், 'எல்லாம் போச்சு, அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்' என்பான் ஒருவன். நம்பாதீர்கள். உள்ளே ஓர் எழுத்தும் அழியவில்லை. முதலில், விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறந்தால் அந்தப் பக்கமும் அடைத்துக்கொள்ளும். பிறகு யந்திரம் எழும்போதே எஃப்2 அல்லது டெலீட் விசையை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி, செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். லினக்ஸ் எழும். டெர்மினலில் மோக்யூட்டில் என்ற கருவியால் எஸ்பாட் பாலிசியை டெலீட் செய்யச் சொல்லுங்கள். அணைத்து, மறுபடி ஒருமுறை லினக்ஸுக்குள் போனால்தான் பட்டியல் நீங்கும். ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பித்துவிட்டு வாட்ச்மேனை மீண்டும் கேட்டில் உட்கார வைக்கலாம்.

பொதுப் பணத்தில் மடிக்கணினி வாங்கும் சர்க்கார், இந்தப் பூட்டை உடையவரே நிறுத்தவும் தம் சொந்தச் சாவியைப் போட்டுக்கொள்ளவும் வசதி வேண்டும் என்று டெண்டரில் எழுதட்டும். நாமும் கடையில் பணத்தை எண்ணி வைக்கும் முன்பே இதைக் கேட்போம்.