மருந்துச் சீட்டில் ஒரு சீப்பு

வீட்டு நாயை வீட்டாரே குளிப்பாட்டி, சீவி, நகம் வெட்டி வளர்ப்பதில் மிச்சமாகும் பணம் நகரத்தில் ஒருவகை, கிராமத்தில் வேறு வகை. நகரத்தில் மிச்சமாவது குரூமிங் கடைக்குப் போகும் கூலி. புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊரில் நாய்க்கு அப்படிக் கூலி கொடுக்கும் வழக்கமே குறைவு. அங்கே மிச்சமாவது வைத்தியச் செலவு. உண்ணிக் காய்ச்சல் முற்றி, பிளேட்லெட் இறங்கி, மூக்கில் ரத்தம் வடியும் நிலையில் தூக்கிவரப்படும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்று ஆகும் செலவுக்கு முன்னால் ஒரு சீப்பின் விலை ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கை நாய் வளர்ப்பவரிடம் சொல்லாமல் மருந்தை மட்டும் எழுதித் தருவது பாதி வைத்தியம்.

பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறது; ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி ஒளிந்துகொள்கிறது. குடித்து உப்பிய பெட்டை உண்ணி சுவர் வெடிப்பிலோ கூரைச் சந்திலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மேல்நோக்கி ஏறுவது அதன் குணம் என்பதால் தரையைக் கழுவினால் மட்டும் போதாது. நாயின் உடலில் கண்ணுக்குத் தெரிவது வீட்டில் உள்ள உண்ணிகளில் சிறு பங்குதான். ஒருநாள் மருந்துக் குளியலோடு கதை முடியாததற்கு இதுவே காரணம்.

தினமும் சீவும் கை போக வேண்டிய இடங்கள் தெளிவானவை: காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடை இடுக்கு, கால்விரல்களின் நடுவே. தரிசில் திரிந்து வரும் நாயின் விரலிடுக்கில் உண்ணியோடு நாயுருவி விதையும் நெருஞ்சியும் இருக்கும். உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. பபீசியா கிருமி உண்ணியிலிருந்து நாய்க்கு இறங்க ஓரிரு நாள் ஆகும். எர்லிக்கியா கிருமிக்குச் சில மணி நேரம் போதும். எனவே சீவுவது தடுப்பு மருந்துக்கு மாற்று அல்ல, துணை. மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவாகக் கலந்து நாய்க்கு ஊற்றுவதும் இன்றும் நடக்கின்றன. நாய் அதை நக்கும். பெர்மெத்ரின் கலந்த மருந்தாக இருந்தால் அதே திண்ணையில் படுக்கும் பூனைக்கு உயிராபத்து.

குளியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாய்களுக்கு மாதம் ஒருமுறை போதும். மனிதத் தோல் அமிலத் தன்மை கொண்டது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. வீட்டார் போடும் சோப்பு அதற்கு ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் துவட்டாமல் விடுவதைவிடக் குளிப்பாட்டாமல் இருப்பதே மேல்.

பொமேரியன் என்று ஊரில் அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸுக்குச் சீப்புதான் எல்லாம். அதற்கு இரண்டடுக்கு முடி. அக்னி நட்சத்திரத்தில் பாவம் என்று மொட்டையடித்துவிடுகிறார்கள். வெயிலை மறிக்கும் மேலடுக்கு போய்விடுகிறது, முடி மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகலாம், சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாகவே வளரும். உள்முடியைச் சீவி எடுத்தால் காற்று தோலுக்குப் போகும், அவ்வளவுதான் தேவை. சிக்கு விழுந்த இடத்தில் கத்தரிக்கோலை நேரே வைத்தால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே வெட்ட வேண்டும். உடல் முழுக்கச் சடை பிடித்த நாயை மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்தான் தொட வேண்டும்.

தெருவில் ஓடும் நாய்க்கு நகம் தானே தேயும். கட்டிப்போட்ட நாய்க்குத் தேயாது. தரை தொடாத கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கும்வரை பலர் கவனிப்பதில்லை. வெள்ளை நகத்தில் ரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தைச் சீவல் சீவலாக வெட்டி, வெட்டுமுகத்தின் நடுவே கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்த வேண்டும். ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் நிற்கும்.

சொந்த நாயில் கை பழகியவர் அக்கம்பக்கத்து நாய்களுக்கும் செய்து சம்பாதிக்கலாம். முதலீடு கொஞ்சம்: சீப்புகள், நகவெட்டி, ஒரு டிரிம்மர், வாய்க்கூடு. டிரிம்மரின் பிளேடு சில நிமிடங்களில் சூடேறும். புறங்கையில் வைத்துப் பார்க்காமல் வயிற்றுப் பக்கம் ஓட்டினால் தோல் வெந்துவிடும். கூலியை இனத்தை வைத்துப் பேசாமல் சிக்கின் அளவையும் ஆகும் நேரத்தையும் வைத்துப் பேசுவதே கட்டுப்படியாகும். வீட்டுக்கு வீடு போகும் கருவி படர்தாமரையையும் கொண்டுபோகும். கருவியில் ஒட்டிய முடியை நீக்கிக் கழுவிய பிறகே கிருமிநாசினி வேலை செய்யும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. அப்படிப்பட்ட நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும்.

கடிபடுவது இத்தொழிலில் எதிர்பார்க்க வேண்டியது. தொடங்குமுன் 0, 7 ஆகிய நாள்களிலும் 21 அல்லது 28ஆம் நாளிலும் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டிருந்தாலும், கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தடுப்பூசி அட்டை இல்லாத நாயைத் தொடாமலிருப்பது நல்லது. சொறிக்கு ஊசி போடுகிறேன், காது வெட்டித் தருகிறேன் என்று இறங்குவது 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்துக்குப் புறம்பானது.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆடு, கோழிப் பயிற்சிக்கு வரும் மகளிருக்கு ஒருநாள் நாய்ப் பராமரிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். அதுவரை கால்நடை மருந்தக மேசையில் ஒரு சீப்பும் நகவெட்டியும் வைத்து, நாயைக் கொண்டுவந்தவரின் கையிலேயே கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.