41 பேருக்கு ஒரு கவிதை

திருச்சி காந்தி மார்க்கெட் அருகே நிற்கும் முதல் உலகப்போர் நினைவுச்சின்னம், இவ்வூரிலிருந்து 302 பேர் போருக்குச் சென்றதையும் அவர்களுள் 41 பேர் மாண்டதையும் சொல்கிறது. யார் அவர்கள் என்று சொல்வதில்லை. காவிரியின் நடுவே திருவரங்கத்துக் கல்வெட்டுகளோ, கோயிலில் விளக்கெரியக் கொடை தந்தவர் பெயரையும் காத்து வருகின்றன.

1915இல் சரோஜினி நாயுடு ‘தி கிஃப்ட் ஆஃப் இந்தியா’ என்னும் ஆங்கிலக் கவிதையில் இவ்வீரர்களைப் பாடினார். அங்கே பேசுபவள் பாரத அன்னை. வீரர்கள் அவள் அளித்த கொடை. கொடைப்பொருளுக்கு ஏது குரல்?

நடுகல்லுக்குத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. அந்நியப் பேரரசின் படையில் மாண்டவரை எத்திணையில் வைப்பது என்று அது தயங்கி நிற்கலாகாது. பேரரசை மறுப்போம், அதன் கூலிப்படையில் மடிந்த நம்மூரானை மறக்க நமக்கு உரிமையில்லை. அவன் பெயரைத் தேடியெடுத்து எழுதும் கவிதையையே நாம் எதிர்பார்க்கிறோம்.